மகிழ மரத்தடிச் சத்தியம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வங்கக் கடலை ஒட்டி வடக்கே ஓடும் சாலையில் செல்வோர்க்கு, ஒருபுறம் அலைகளைத் தடுக்கக் கொட்டிய கருங்கற் குவியலும், மறுபுறம் துறைமுகத்துக்குள் நுழையக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையும், அவற்றுக்கு அப்பால் ஆலைகளின் புகைபோக்கிகளும் கண்ணில் படுமேயன்றி, ஒதுங்கி நிற்க ஒரு பெருமரத்தின் நிழல் அகப்படுவது அரிது. ஆயினும், அச்சாலையை விட்டுச் சற்றே உள்ளே திரும்பித் திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி கோயிலுக்குள் நுழைந்தால், பிராகாரத்தில் ஒரு மகிழ மரம் நிற்பதைக் காணலாம். அது அக்கோயிலின் ஸ்தல விருட்சம். உப்புக் காற்றும் ஆலைப் புகையும் இரவு பகலாக வீசும் ஓர் ஊரில், பல நூற்றாண்டுகளாக ஒரு மரத்தை மக்கள் கோடாரிக்கு விட்டுக்கொடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் என்ன என்று வினவினால், அதற்கு விடை பக்தி இலக்கியத்திலும் இருக்கிறது, தாவர சாஸ்திரத்திலும் இருக்கிறது, ரசாயன சாஸ்திரத்திலும் இருக்கிறது. அம்மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதோடு, கடல் கடந்த ஐரோப்பிய நாடுகளில் ஹாதார்ன் என்னும் முள்மரத்தைச் சூழ்ந்து வளர்ந்த நம்பிக்கைகளையும் அருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

சாட்சியாக நின்ற மரம்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் வரும் வரலாறு இது. திருவாரூரில் பரவை நாச்சியாரை மணந்து வாழ்ந்த சுந்தரமூர்த்தி நாயனார், தலயாத்திரையாகத் திருவொற்றியூருக்கு வந்தபோது, இறைவனுக்கு மாலை தொடுக்கும் திருப்பணியில் ஈடுபட்டிருந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். ஞாயிறு என்னும் ஊரில் வேளாண் குடியில் பிறந்து, இல்வாழ்க்கையை வேண்டாது கன்னிமாடத்தில் தங்கிச் சிவத்தொண்டு செய்துவந்தவர் சங்கிலியார். 'உன்னைப் பிரியேன்' என்று சந்நிதியில் சத்தியம் செய்து தர வேண்டிவரும் என்று அறிந்த சுந்தரர், அச்சமயத்தில் கருவறையை விட்டு நீங்கி மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்கும்படி தம் தோழராகிய இறைவனிடம் முன்கூட்டியே வேண்டிக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, சத்தியத்தை மகிழ மரத்தடியில் வாங்கிக்கொள் என்று அறிவித்துவிட்டார். மறுநாள் தோழியர் 'மகிழின் கீழே சத்தியம் செய்து தந்தால் போதும்' என்றபோது, மறுக்க வழியில்லாமல் சுந்தரர் அம்மரத்தை வலம் வந்து சூளுரைத்தார்.

பின்னர் வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு மேலிட, சொன்ன சொல்லை மறந்து ஒற்றியூரின் எல்லையைத் தாண்டிய அக்கணத்திலேயே அவருடைய இரு கண்களும் ஒளி இழந்தன. திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார் என்பது புராணம். அந்தத் திருவெண்பாக்கத்துக் கோயில், 1940களில் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது நீர்பரவும் பகுதிக்குள் சிக்கி வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. பூண்டியில் தேக்கப்படும் கொசஸ்தலையாறுதான் எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. ஆண்டுதோறும் மாசிப் பெருவிழாவில் திருவொற்றியூரில் நடக்கும் மகிழடி சேவை இந்தச் சத்தியத்தின் நினைவாகவே நடைபெறுகிறது.

இவ்வரலாற்றைப் பக்தியோடு படிப்பவர்க்கு அது அருளின் கதை. மரங்களைப் பற்றி ஆராயும் நமக்கோ அதில் வேறொரு செய்தியும் புலப்படுகிறது. சத்தியம் வாங்கும் இடமாகக் கருவறையைக் காட்டிலும் மரத்தடி வலிமை பெற்று நிற்கிறது. கருவறைக்குள் எல்லாரும் புக முடியாது. மரத்தடியிலோ ஊரார் யாவரும் கூடலாம், பார்க்கலாம், கேட்கலாம். தமிழகத்துக் கிராமங்களில் பஞ்சாயத்து ஆலமரத்தடியிலும் வேப்பமரத்தடியிலும் கூடியதற்கு நிழல் மட்டும் காரணமன்று. தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வேரூன்றி நிற்கும் ஒன்று, மனிதன் பேச்சு மாறும்போது அதைச் சுட்டிக்காட்டும் நிலையான சாட்சி என்னும் எண்ணம் நம்மவர் நெஞ்சில் ஆழப் பதிந்திருந்தது. மாலை தொடுக்கும் பெண்ணொருத்தி தன் வாழ்வுக்கு உறுதி கேட்ட இடம், மாலைக்குப் பூத் தரும் மரத்தின் அடி என்பதும் நினைக்கத்தக்கது.

ஊசியின்றிக் கோக்கும் பூ

தாவர சாஸ்திரிகள் மகிழ மரத்தை மிமுசாப்ஸ் எலெங்கி என்பர். சப்போட்டாவும் இலுப்பையும் பாலையும் சேர்ந்த சப்போட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது இது. கேரளத்துத் தாவரங்களைப் பற்றி வான் ரீடு என்னும் டச்சு அதிகாரி தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலில் இம்மரம் இலஞ்சி என்னும் மலையாளப் பெயரோடு இடம்பெற்றது. அப்பெயரையே லின்னேயஸ் 1753ல் இம்மரத்தின் இனப்பெயராக ஏற்றுக்கொண்டார். நம் இலக்கியத்திலோ இது அதற்கு வெகு காலம் முன்பே வகுளம் என்னும் பெயரில் குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இடம்பெற்றுவிட்டது. நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்னும் திருநாமம் வாய்த்ததும் அவர் அணிந்த மகிழ மாலையாலே.

விடியற்காலையில் மகிழ மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விரல் நகத்தின் அளவே உள்ள, வெண்மையும் இளமஞ்சளும் கலந்த, சக்கரம் போன்ற சிறு பூ. விளிம்பில் இருபத்து நான்கு மெல்லிய இதழ்த் துண்டுகள் கூர்மையாக நிற்கும். உண்மையில் அடிப்படை இதழ்கள் எட்டே. ஒவ்வொன்றின் முதுகிலும் இரண்டிரண்டு துணை இதழ்கள் முளைப்பதால் அது இருபத்து நான்காகத் தோன்றுகிறது. இதழ்கள் யாவும் அடியில் ஒன்றாக இணைந்து ஒரு சிறு குழலாகவும், மகரந்தத் தாள்கள் அக்குழலோடு ஒட்டியும் அமைந்திருக்கின்றன. ஆகையால் பூ முதிர்ந்ததும் இதழ் இதழாகச் சிதறாமல், இதழ்வட்டம் முழுவதும் ஒரே துண்டாகக் கழன்று விழுகிறது. சூலகமும் அதன் தண்டும் மாத்திரம் கிளையிலுள்ள காம்பிலே தங்கிக் காயாக வளரும். சூல்தண்டு நின்றிருந்த இடமே, விழுந்த பூவின் நடுவே காணும் துளை.

இந்தத் துளையினால்தான் சிறுமியர் ஊசியில்லாமல் வாழைநாரிலோ தென்னை ஈர்க்கிலோ மகிழம்பூவைச் சரமாகக் கோக்கின்றனர். மரத்தில் ஏறிப் பறிக்க வேண்டியதில்லை. கிளையை வளைக்க வேண்டியதில்லை. தானாக உதிர்ந்ததைப் பொறுக்கிக் கோத்தால் மாலை ஆயிற்று. செடியிலிருந்து மொட்டாகப் பறித்துப் பொழுது சாய்வதற்குள் தொடுத்துச் சூட வேண்டிய மல்லிகைக்கும் முல்லைக்கும் இந்த வசதி இல்லை. தீபாவளிப் பலகாரங்களில் ஒன்றான மகிழம்பூ முறுக்கு, இப்பூவின் கூரிய விளிம்பை அச்சில் வார்த்தெடுத்த வடிவம். வீட்டு அடுக்களை வரை ஒரு பூவின் உருவம் வந்து சேர வேண்டுமானால், அதனைத் தலைமுறைகள் பல உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

வாடியும் போகாத வாசனை

மகிழம்பூவின் விசேஷம் அதன் அழகிலன்று, மணத்தில். பறித்த மறுநாளே மல்லிகை நிறம் மங்கி மணமும் மாறிவிடுகிறது. மகிழம்பூவோ காய்ந்து பழுப்பேறிச் சருகான பின்னும் மாதக்கணக்கில் மணக்கிறது. பட்டுப் புடவைகளுக்கிடையே பெட்டியில் அதனைப் போட்டு வைக்கும் பழக்கம் அதனாலேயே வந்தது. கொடுத்த சொல் மாறாதிருக்க வேண்டும் என்று வேண்டிய ஒரு பெண்ணின் கதைக்கு, மணம் மாறாத பூவைத் தரும் மரமே களமாக அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

இம்மணத்தின் காரணத்தை ரசாயனம் விளக்குகிறது. மணம் என்பது பொருளிலிருந்து பிரிந்து காற்றில் கலக்கும் மூலக்கூறுகள் நம் நாசியைத் தொடுவதால் உண்டாகும் உணர்வு. எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகள் விரைந்து வந்து விரைந்து மறையும். ஆவியாகத் தயங்குபவை மெல்ல மெல்லக் கசிந்து நெடுநாள் நிற்கும். மகிழம்பூவின் வாசனைப் பொருள்களில் முதன்மையானது ஃபீனைல் எத்தனால் என்னும் ஆல்கஹால். ரோஜாவின் மணத்திலும் பெரும்பங்கு இதற்கு உண்டு. இதன் கொதிநிலை ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ். இதனோடு சேர்ந்து வரும் சின்னமைல் ஆல்கஹாலின் கொதிநிலை ஏறத்தாழ 250 டிகிரி. இவ்வளவு உயர்ந்த கொதிநிலை உள்ள பொருள்கள் சென்னையின் வெயிலிலும் சிறிது சிறிதாகவே ஆவியாகும். பூவின் நீர் முழுவதும் வற்றிய பின்னும் மணப்பொருள் அதன் திசுக்களில் தங்கியிருப்பதன் ரகசியம் இதுவே.

இந்த மரத்தைப் பற்றி வடமொழிக் கவிகளிடம் வழங்கிய நம்பிக்கை ஒன்றும் உண்டு. அசோகு மலர வேண்டுமானால் அழகிய பெண் அதனைக் காலால் உதைக்க வேண்டும். வகுளம் மலர வேண்டுமானால் அவள் தன் வாயிலிருந்து மதுவைக் கொப்பளித்து அதன்மேல் தெளிக்க வேண்டும் என்பது கவிசமயம். காளிதாசனின் மேகதூதத்திலும் இக்கருத்து வருகிறது. மலர்வது பருவத்தாலும் மரத்தின் உள்ளியல்பாலும் நிகழ்கிறதேயன்றி மதுவினாலன்று என்பதை நாம் அறிவோம். எனினும், மயக்கும் நறுமணமுடைய மலருக்கு மதுவையும், தீக்கொழுந்து போலச் சிவந்த அசோகுக்குச் செம்பஞ்சு தீட்டிய பாதத்தையும் இணைத்த கவிகள், மலர்களை முகர்ந்தும் நோக்கியும் அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

வீட்டுக்குள் நுழையக் கூடாத பூ

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். அங்கே வேலியோரங்களில் முளைத்து, மே மாதத்தில் வெள்ளைப் பூக்களால் தன்னை மூடிக்கொள்ளும் சிறு முள்மரம் ஹாதார்ன். கிராடேகஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இது ரோஜாவின் குடும்பம். குளிர்நாட்டு மரமாகையால் தமிழகத்துச் சமவெளியில் வளர்வதில்லை. மே தினக் கொண்டாட்டத்துக்கு இதன் கிளைகளை ஒடித்து வாசலை அலங்கரித்த அதே ஆங்கிலக் கிராமத்து மக்கள், பூவை வீட்டுக்குள் கொண்டுவர மாத்திரம் அஞ்சினார்கள். கொண்டுவந்தால் வீட்டில் சாவு நேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. லண்டனில் 1665ல் பரவிய பெருங் கொள்ளைநோயின் நாற்றம் இப்பூவில் வீசுகிறது என்றுகூடச் சொல்லிவந்தனர்.

இவ்வச்சத்தை மூடத்தனம் என்று தள்ளிவிடுவதற்கு முன் அப்பூவை ஆராய்ந்த ரசாயனிகள் கண்டதைக் கேட்க வேண்டும். ஹாதார்ன் பூவின் மணத்தில் டிரைமெத்திலமின் என்னும் பொருள் கலந்திருக்கிறது. இறந்த உடலின் தசை அழுகத் தொடங்கும்போது உண்டாகும் பொருள்களில் இதுவும் ஒன்று. பிணத்தை அடக்கம் செய்யும்வரை வீட்டிலேயே கிடத்தி வைத்திருந்த பழங்காலத்தில், மரணத்தின் நாற்றம் இன்னதென்று ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருந்தது. அந்த நாற்றத்தின் சாயல் ஒரு பூவில் வீசியபோது, அப்பூவைச் சாவோடு இணைத்தது அவர்கள் நாசியின் துல்லியம். பூவுக்கு இந்த மணத்தால் பயன் உண்டு: அழுகிய பொருளை நாடும் ஈக்களும் சிறு பூச்சிகளும் இதனால் கவரப்பட்டு வந்து மகரந்தத்தைப் பரப்புகின்றன.

டிரைமெத்திலமினைக் காண ஆங்கில நாட்டுக்குப் போக வேண்டுவதில்லை. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனாலே போதும். கடல்மீன்கள் உப்புநீரில் உயிர்வாழ்வதற்கு உதவியாகத் தம் தசைகளில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்னும் மணமற்ற பொருளைச் சேர்த்து வைத்திருக்கின்றன. மீன் இறந்ததும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, அது டிரைமெத்திலமினாக மாறிவிடுகிறது. அதன் கொதிநிலை வெறும் 3 டிகிரி; ஆகையால் பிறந்த உடனே வாயுவாகிக் காற்றில் பரவுகிறது. நூறு கோடிப் பங்குக் காற்றில் சில பங்கு கலந்திருந்தாலும் மனித நாசி அதனை உணர்ந்துகொள்ளும். விடியற்காலை ஏலத்தில் வஞ்சிரத்தின் செவுளைத் திறந்து முகர்ந்து பார்க்கும் மீன்காரப் பெண்மணி, எந்தக் கருவியும் இன்றி இந்த வாயுவின் அளவையே கணக்கிடுகிறாள்.

அவளுடைய அடுக்களையிலும் இந்த ரசாயனம் தொடர்கிறது. டிரைமெத்திலமின் காரத்தன்மை உள்ளது. புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ பட்டவுடன் அமிலத்தோடு கூடி உப்பாக மாறி, ஆவியாகும் ஆற்றலை இழந்துவிடுகிறது. மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும், மீன்குழம்பில் புளியைத் தாராளமாகக் கரைத்து ஊற்றுவதும் சுவைக்காக மாத்திரமல்ல. இங்கிலாந்தின் கிராமத்துப் பாட்டி வீட்டுக்குள் விடாது தடுத்த மூலக்கூறும், காசிமேட்டுப் பாட்டி புளியைக் கொண்டு அடக்கிய மூலக்கூறும் ஒன்றேயாம். அங்கே விலக்காயிற்று, இங்கே சமையல் முறையாயிற்று. இரண்டுக்கும் அடிப்படை பிழைபடாத அனுபவம்.

நாட்காட்டியைச் சோதித்த மரம்

ஹாதார்னைப் பற்றிய மற்றொரு வரலாறு, மரத்தைச் சாட்சியாக நிறுத்தும் வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று என்பதைக் காட்டும். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரியில், ஏசுநாதரை அடக்கம் செய்த அரிமத்தியா ஊர் யோசேப்பு தம் ஊன்றுகோலைக் குன்றின்மேல் ஊன்றியபோது அது துளிர்த்து ஹாதார்ன் மரமாயிற்று என்பது ஐதீகம். அந்த மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய மரங்கள் மே மாதத்தில் ஒருமுறையும், கிறிஸ்துமஸை ஒட்டிய கடுங்குளிரில் மறுமுறையும் பூக்கும். 1752ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆங்கில அரசு பழைய நாட்காட்டியைத் திருத்தி, 2ஆம் தேதிக்கு மறுநாளை 14ஆம் தேதி என்று அறிவித்துப் பதினோரு நாட்களை நீக்கியது. அப்படியானால் உண்மையான கிறிஸ்துமஸ் எது என்று மக்கள் குழம்பினர். பக்கிங்ஹாம்ஷயரிலுள்ள குவெயின்டன் என்னும் ஊரில், புதுக் கணக்குப்படி கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் விளக்கேந்திய பெருங்கூட்டம் அத்தகைய ஒரு மரத்தைச் சூழ்ந்து காத்து நின்றது. மரம் பூக்கவில்லை. பாராளுமன்றத்தின் சட்டத்தைக் காட்டிலும் மரத்தின் வாக்கே மெய் என்று கொண்டு, பழைய கணக்குப்படி வரும் நாளையே திருநாளாகக் கொண்டாட அவர்களில் பலர் தீர்மானித்தனர்.

அவர்கள் முடிவு தவறு. பூக்கும் நாளை நிர்ணயிப்பது குளிரும் வெப்பமும் மரத்தின் பிறவியியல்புமே. நாட்காட்டியை மரம் அறியாது. ஆண்டுக்கு இருமுறை பூக்கும் தன்மை அந்த வகைக்கு மரபணுவழி வாய்த்த சிறப்பு. விதையிட்டு வளர்த்தால் அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது, ஒட்டுக்கட்டினால் மட்டுமே நிலைக்கிறது. ஆயினும் அவர்கள் கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று அறிய, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் கூடிக் கண்ணால் பார்த்தார்கள், பார்த்ததை ஏற்றுக்கொண்டார்கள். பரிசோதனையின் வித்து அதில் இருக்கிறது. அதற்கு முன்னே எந்தக் கேள்வியை மரத்திடம் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்னும் விவேகமே அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

அந்த விவேகம் இன்று நமக்கும் தேவைப்படுகிறது. நம்பிக்கை என்றாலே பொய் என்று ஒதுக்குவோர் ஒருபுறம் இருக்க, நம் முன்னோர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானப் போர்வை போர்த்த முனைவோர் மறுபுறம் இருக்கின்றனர். இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்ற சொல்லுக்கு, மரம் வெளிவிடும் கரியமில வாயுவே காரணம் என்று இவர்கள் கூறுவர். இரவில் ஒரு மரம் விடும் அவ்வாயு திறந்த வெளியில் உடனே கலைந்துபோகிறது. மூடிய அறையில் நம்மோடு உறங்கும் ஒருவர் விடும் மூச்சைப் போன்ற தொல்லையைக்கூட அது தருவதில்லை. அரசமரம் இரவிலும் பிராணவாயுவைத் தருகிறது என்பதும் அத்தகையதே. இலையில் பிராணவாயு பிறப்பது நீரின் மூலக்கூற்றை ஒளி பிளப்பதால். ஒளியில்லாத இரவில் அச்செயல் நடைபெறாது. மகிழ மரத்தடியில் பொய்ச் சத்தியம் செய்தால் கண் போகும் என்பதற்கு உடற்கூற்றுக் காரணம் தேடுவதும் வீண் முயற்சியே. அந்நம்பிக்கை ஒழுக்கத்தின் பாற்பட்டது. அதனை அதற்குரிய இடத்தில் வைத்து மதிப்பதே முறை.

தடை செய்த காவல்

இத்தகைய நம்பிக்கைகளால் விளைந்த பயன் ஒன்றை விஞ்ஞானம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறது. அது மரங்களின் பாதுகாப்பு. அயர்லாந்தில் வயலின் நடுவே தனித்து நிற்கும் ஹாதார்ன் தேவதைகளுக்கு உரியது, அதனை வெட்டுபவன் கெடுவான் என்பது ஆழ்ந்த நம்பிக்கை. புனித ஊற்றுகளின் அருகே நிற்கும் ஹாதார்ன் கிளைகளில் நோய் தீர வேண்டித் துணிக்கிழிசல் கட்டும் வழக்கமும் அங்கே உண்டு. நம் அம்மன் கோயில் மரங்களில் மஞ்சள் துணியும் பிள்ளைத் தொட்டிலும் கட்டுவதற்கு அது உடன்பிறப்பு. 1999ல் கிளேர் மாவட்டத்து லட்டூன் என்னுமிடத்தில் நெடுஞ்சாலைக்காக அத்தகைய மரமொன்று அகற்றப்பட இருந்தபோது, எடி லெனிஹன் என்னும் கதைசொல்லி அதனை எதிர்த்துப் பத்திரிகைகளில் எழுதினார். அதிகாரிகள் அம்மரம் தப்பும்படி சாலைத் திட்டத்தை மாற்றியமைத்தனர்.

நம் சோழமண்டலக் கரையில் இந்தக் காவல் இன்னும் விரிவானது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கோடிக்கரை வரை கடலோரத்தில் ஒருகாலத்தில் உலர் பசுமைமாறாக் காடு என்னும் அரிய வகைக் காடு பரவியிருந்தது. ஆண்டில் பல மாதங்கள் மழையற்ற கரையிலே, தடித்துப் பளபளக்கும் இலைகளால் நீரைக் காத்துக்கொண்டு எப்பொழுதும் பசுமையாக நிற்பவை அதன் மரங்கள். பாலை, காசா, வீரை, நாவல் முதலியவற்றோடு மகிழும் அக்காட்டைச் சேர்ந்தது. வயலுக்கும் ஊருக்கும் விறகுக்குமாக அக்காடு அழிந்தபோது, எஞ்சிய துணுக்குகளில் பல ஐயனாரும் அம்மனும் உறையும் கோயில்காடுகளாகவே தப்பின. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு அவற்றில் பெயர்பெற்றது. அவ்வாறு நோக்கினால், திருவொற்றியூர்க் கோயிலில் நிற்கும் மகிழ மரம், ஆலைகளும் துறைமுகமும் வருவதற்கு வெகு காலம் முன்பு இக்கரையில் இருந்த காட்டின் பிரதிநிதி. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுக்கப்பட்ட கருவறையைக் காட்டிலும் தொன்மையான ஒரு மரபை அது தாங்கி நிற்கிறது.

ஆனால் மதிலுக்குள் நிற்கும் ஒரு மரத்தைக் காத்த நம்பிக்கையால் மதிலுக்கு வெளியே உள்ள காற்றையும் கரையையும் காக்க இயலவில்லை. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டதால் மெரினாவில் மணற்பரப்பு பெருகியது. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வரவேண்டிய மணல் வராமல், கடல் குடிசைகளையும் தெருக்களையும் விழுங்கியது. எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கரையெங்கும் படர்ந்து, இளைஞர்கள் வாளிகளால் அதனை அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் எண்ணெய் கலந்து மீனவரின் வலைகளையும் படகுகளையும் கெடுத்தது. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயலில் நகரம் தன் மரங்களில் பல்லாயிரத்தை ஒரே நாளில் இழந்தது.

இங்கேதான் மகிழ மரம் விஞ்ஞானத்தின் சார்பிலும் பேசுகிறது. உப்புக் காற்றைத் தாங்கும் தடித்த இலை. ஆண்டு முழுவதும் உதிராது நின்று நிழல் தரும் தழைப்பு. காற்றிலுள்ள தூசியைப் பிடித்து வைக்கும் நெருங்கிய கொப்புகள். ஆழ்ந்து செல்லும் வேர். தொழிற்சாலைகளைச் சூழப் பசுமை வளையம் அமைக்கப் பரிந்துரைக்கப்படும் மரங்களில் மகிழும் ஒன்று. இதன் பழத்தைப் பறவைகளும் வௌவால்களும் விரும்பி உண்கின்றன. பட்டையிலுள்ள துவர்ப்பான டானின் ஈறுகளை இறுக்குவதால் சித்த மருத்துவர் அதனைப் பற்பொடியில் சேர்ப்பர். மெதுவாக வளர்வது ஒன்றே இதன் குறை. விரைவில் நிழல் வேண்டும் என்று அவசரப்பட்டு நட்ட மரங்கள் புயலில் சாய்ந்ததைக் கண்ட நகரத்துக்கு அது குறையாகத் தோன்ற வேண்டியதில்லை.

ஆகவே வடசென்னை வாசகர்களிடம் இந்த அத்தியாயம் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. மகிழம்பழத்தின் உள்ளே பளபளக்கும் பழுப்பு விதை ஒன்று இருக்கும். அதைச் சதை நீக்கிக் கழுவி, காயவிட்டு வைக்காமல் மண் தொட்டியில் ஊன்றி, பாதி நிழலில் வைத்து நீர் ஊற்றினால் முளைக்கும். ஒன்றிரண்டு ஆண்டுகள் அதைத் தொட்டியில் வளர்த்து, மழைக்காலத் தொடக்கத்தில் பள்ளிக்கூட வாசலிலோ, மீனவர் குடியிருப்பின் தெருமுனையிலோ, தொழிற்சாலை மதிலோரத்திலோ நட்டுவிடுங்கள். ஆடு கடிக்காமல் சுற்றிலும் வேலி கட்டி, முதல் மூன்று கோடைகளுக்கு நீர் ஊற்றுங்கள். சத்தியத்தை மீறாதே என்று நம் முன்னோர் மகிழ மரத்தடியில் கற்றுக்கொண்டார்கள். நட்ட மரத்தை வளர்த்துக் காப்போம் என்பது இன்று அந்த மரத்தடியில் நாம் செய்ய வேண்டிய சத்தியம்.